அச்சிலிருந்து வெளியே வரும் வழி

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள், தெருமுனையில் களிமண் பிள்ளையார் பிறக்கும் வேகம் அசரவைக்கும். அச்சுக்குள் மண்ணை அழுத்தி, பலகையில் ஒரு தட்டு. தொந்தியும் தும்பிக்கையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் முதுகைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. தட்டையாக இருக்கும்.

அச்சுக்கலையின் பாலபாடமே அந்த முதுகுதான். அச்சுக்குள் மண்ணைத் திணிக்க யாராலும் முடியும். சேதமில்லாமல் வெளியே எடுப்பதுதான் பாடு. இடுப்பில் ஊன்றிய கையின் இடைவெளி, புல்லாங்குழலுக்குப் பின்னுள்ள பள்ளம் என உள்நோக்கி வளைந்த இடம் ஒன்றிருந்தாலும் அச்சு அங்கே கவ்விக்கொள்ளும்.

மதுரை விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்யும் கொலு பொம்மைகள் முழு உருவங்கள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. வீட்டிலுள்ள செட்டியார் பொம்மையின் காதோரம் விரலை ஓட்டினால் அந்த ஒட்டு தட்டுப்படலாம். நல்ல கைவினைஞர் அதைத் தேய்த்து மறைத்திருப்பார். அவசரக்காரர் பெயின்ட்டை நம்பியிருப்பார்.

இரட்டை அச்சு எடுக்க, மூலப் பொம்மையைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, மீதியில் சோப்புக் கரைசல் தடவி, சுற்றிலும் தடுப்புக் கட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் ஊற்றுவார்கள். களிமண் ஓரத்தில் முன்கூட்டியே இரண்டு மூன்று குழி போட்டிருந்தால்தான் இரு பாதிகளும் பிசகாமல் பொருந்தும். இறுகியதும் திருப்பி, களிமண்ணை அகற்றி, விளிம்பிலும் சோப்புத் தடவி மறுபாதியை ஊற்ற வேண்டும். அந்தச் சோப்பை மறந்தால் உள்ளேயிருக்கும் பொம்மை ஆயுள் கைதி. கலக்கும்போது தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். காற்றுக் குமிழி ஒன்று மூக்கருகே சிக்கினாலும் போதும், அந்த அச்சில் வரும் அத்தனை பொம்மைக்கும் மூக்கில் மரு.

காய்ந்த பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதால் மண் சுருங்கித் தானே அச்சை விட்டு விலகும். காய்ந்து, சூளையில் வெந்து முடிவதற்குள் களிமண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிறுக்கும். 30 செ.மீ. உருவம் 27 செ.மீ. ஆகிவிடும். அடுத்தவர் செய்த சுடுமண் பொம்மையிலிருந்து அச்செடுத்துக் காப்பியடித்தால் குள்ளமாகவும் மழுங்கலாகவும்தான் வரும். நியாயமான தண்டனை!

சுவாமிமலை ஸ்தபதிகளுக்குக் கழற்றும் கவலையே இல்லை. மெழுகு உருவத்தின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்த்ததும் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சிலிகான் ரப்பர் அச்சு வளைந்துகொடுக்கும்; பலமுறை உதவும். ஆனால் விலை கடிக்கும்.

புதிதாக முயல்பவர்கள் முதுகு தட்டையான உருவத்தில் தொடங்கலாம். மிச்சமான பிளாஸ்டரை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். அது தண்ணீருக்குள்ளும் இறுகும், குழாயை அடைத்துவிடும்.