ஃபவுலுக்கு என்ன விலை?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் காலைப் பேருந்தில், சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கு அஞ்சி ஜன்னலை அடைத்துவிட்டு அமர்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த மாணவர் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தது கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டு. அதில் ஓட்டமும் இல்லை, வியர்வையும் இல்லை. அணியைத் தேர்வதும் வியூகம் வகுப்பதும் ஆடுபவர் வேலை; ஆட்டத்தைக் கணினி ஆடி முடித்துக் கணக்கை நீட்டுகிறது.

இவ்வகையில் பலரும் அறிந்தது ‘பாஸ்கெட்பால் ஜி.எம்.’ அதில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உயரம், வலு, வேகம் என 15 கூறுகளில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. ஃப்ரீ த்ரோ அவற்றுள் ஒன்று. ஃபவுல் நிகழுமா, எறிந்த பந்து கூடையில் விழுமா என்பதையெல்லாம் அம்மதிப்பெண்களை வைத்துக் கணினி உருட்டும் பகடையே முடிவு செய்கிறது. எத்தனை ஃபவுலுக்கு வெளியேற்றம் என்பதைக்கூட ஆடுபவர் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

மாணவர் எதிரணியின் நெட்டை ஆட்டக்காரர் ஒருவரைக் காட்டினார். “இவனுக்கு ஃப்ரீ த்ரோ வராது ஐயா. நிஜ ஆட்டமாக இருந்தால் வேண்டுமென்றே இவனைப் பிடித்துத் தள்ளச் சொல்லியிருப்பேன்.”

“தப்பில்லையா தம்பி?”

“தப்புதான் ஐயா. அதற்குத்தான் இரண்டு எறி கொடுத்துவிடுகிறோமே. கண்டோனேஷன் கட்டுவதுபோலத்தான்.”

சிரித்துவிட்டோம். ஆனால் அந்த உவமை நம்மை விடவில்லை.

மாணவர் சொன்ன உத்தி அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களில் புகழ்பெற்றது. ஷகீல் ஓநீல் என்ற மாபெரும் ஆட்டக்காரரின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விழுக்காடு 52.7. இரண்டு எறிக்குச் சராசரியாக 1.05 புள்ளி. கூடைக்கு அருகில் அவரிடம் பந்து சேர்ந்தால் அதைவிட மிகுதியாகப் பறிபோகும் என்று எதிரணியினர் கணக்கிட்டனர்; பந்து இல்லாத வேளையிலும் அவரைக் கட்டிப்பிடித்தனர். விதி மீறப்படவில்லை, விதி விலைப்பட்டியலாக வாசிக்கப்பட்டது.

விதியை வகுத்தவர் அப்படிக் கருதவில்லை. 1891 டிசம்பரில் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஃப்ரீ த்ரோவே கிடையாது. இரண்டாம் முறை ஃபவுல் செய்தவர் அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் நோக்கம் தெரிந்தால் ஆட்டம் முழுவதும் வெளியே. அவருக்கு மாற்றாளும் கிடையாது. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கூடை. ஆக, குற்றத்துக்கு முதற்பொருள் வெட்கமே. புள்ளிக்கணக்கு அதற்குப் பின்னரே வந்தது.

சில ஆண்டுகளில் ஃப்ரீ த்ரோ வந்தது. 15 அடித் தூரம் நிலைத்தது. தொடக்கத்தில் அணியின் கைதேர்ந்தவர் எவரும் அதை எறியலாம். 1920களில் அமெரிக்க விதி மாறி, ஃபவுலுக்கு ஆளானவரே எறிய வேண்டும் என்றாயிற்று. இம்மாற்றத்தில் ஆழ்ந்த நீதி இருப்பதாக நாம் கருதுகிறோம். யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரே முன்வந்து நின்று ஈட்டைப் பெறுகிறார்; அரங்கமே அவரைப் பார்க்கிறது. அந்நீதியையே பின்னாளில் உத்தியாளர்கள் ஓட்டையாக்கினர் என்பது வேறு கதை.

அந்த ஓட்டை எப்போதும் பலன் தந்ததும் இல்லை. 1997 டிசம்பரில் டல்லாஸ் அணி, ஃப்ரீ த்ரோவில் பலவீனர் எனப் பெயரெடுத்த சிகாகோவின் டென்னிஸ் ராட்மன்மீது இதைச் சோதித்தது. ஏவப்பட்ட பப்பா வெல்ஸ் களத்தில் நின்றது மூன்றே நிமிடம். அதற்குள் ஆறு ஃபவுலும் தீர்ந்து வெளியேறினார். ராட்மனோ 12 எறிகளில் 9ஐக் கூடையில் இட்டார். சிகாகோ வென்றது. விழுக்காடு ஒரு மனிதரின் கடந்தகாலத்தைச் சொல்லும். அன்றிரவு கோட்டில் நிற்பவரைச் சொல்லாது.

விதியாளர்களும் வாளாவிருக்கவில்லை. பந்துக்குத் தொடர்பில்லாத ஃபவுலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவோடு பந்தையும் எதிரணிக்கே தரும் விதியை, ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் 2016இல் என்.பி.ஏ. விரித்தது. நம் ஊர்களில் பின்பற்றப்படும் பன்னாட்டு விதியிலும், விளையாட்டுணர்வுக்கு மாறான ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோவும் உண்டு, பந்தும் உண்டு. விலையாக வாசிக்கப்பட்டதைத் திரும்பவும் குற்றமாக்கும் முயற்சி இது.

போரையே துறை துறையாகப் பகுத்த மரபு நம்முடையது. புறப்பொருள் வெண்பாமாலை ‘தழிஞ்சி’ என்றொரு துறை கூறும்: புறங்காட்டி ஓடுவோர்மீது படைக்கலம் ஓச்சாமை. ஓச்சினால் என்ன தண்டம் என்று அது கணக்கிடவில்லை. ஓச்சாததையே வீரமாகப் போற்றியது. தண்டம் எழுதப்பட்ட இடத்தில் கணக்கு பிறக்கிறது. புகழ் எழுதப்பட்ட இடத்தில் நாணம் பிறக்கிறது.

மேலாண்மை விளையாட்டுகளை நாம் பழிக்கவில்லை. நிகழ்தகவை இவ்வளவு எளிதாகக் கற்பிக்கும் பாடநூல் அரிது. அவை கற்பிக்காதது ஒன்றுண்டு: தள்ளப்பட்டவர் யார் என்பது. அங்கே விழுபவருக்கு முழங்கால் சிராய்ப்பதில்லை.

ஆயினும் அம்மாணவரைக் கடிய நமக்கு வாய் எழவில்லை. வருகைக் குறைவுக்குக் கட்டணம் வசூலித்துத் தேர்வெழுத விடுவது நாமே. 75 விழுக்காட்டுக்குக் கீழே பெயர்களை வரிசையிட்டு, தொகையை எதிரே எழுதிக் கையொப்பமிடுகிறோம். மக்காச்சோள அறுவடைக்கும் சின்ன வெங்காயம் பிடுங்கவும் கூலிக்குப் போனவரும், சும்மா ஊர் சுற்றியவரும் அப்பட்டியலில் ஒரே தொகை. யார் தவறினார், யார் தள்ளப்பட்டார் என்று நாம் கேட்பதில்லை. கணினியாவது பகடை உருட்டுகிறது; நாம் அதுவும் செய்வதில்லை.

கோட்டில் நிற்பவருக்குப் பன்னாட்டு விதி 5 நொடி தருகிறது. அந்த 5 நொடியும் ஆட்டம் அவருக்காகக் காத்திருக்கிறது. அடுத்த பட்டியல் மேசைக்கு வரும்போது, கையொப்பத்துக்கு முன் ஒவ்வொருவரையும் அழைத்து, “ஏன் வரவில்லை?” என்று கேட்பதாய் இருக்கிறோம். அவ்வளவு நேரமாவது அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.