பூட்டுவதற்கு முன்னால்...



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மடிக்கணினியில் ‘ஓப்பன்பிஎஸ்டி’ என்னும் இயங்குதளத்தை நிறுவ உட்கார்ந்தேன். கனடாவில் தியோ டி ராட் என்பவர் 1995இல் தொடங்கிய தளம் இது. பாதுகாப்புக்குப் பெயர் போனது. ஆறு மாதத்திற்கொரு புதிய பதிப்பு வரும். தேவையில்லாத வாசல்களையெல்லாம் மூடியே கொடுப்பார்கள். வேண்டியதை நாம்தான் திறந்துகொள்ள வேண்டும்.

நிறுவும்போது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். ‘வன்தட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளவா?’ என்றும் கேட்டது. யோசிக்காமல் பொத்தானைத் தட்டிவிட்டேன். பழையது அத்தனையும் போயிற்று. தோட்டத்து வீட்டில் என் தாயார் கொண்டாடிய கடைசித் தீபாவளியின் படங்களும் அதில்தான் இருந்தன. குற்றம் கணினியுடையது அன்று, என் அவசரத்தினுடையது.

ஆகவே, முதலில் வேண்டியவற்றை வேறொரு தட்டில் படியெடுங்கள். அந்தப் படி திறக்கிறதா என்றும் பாருங்கள்.

2023இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, வன்தட்டைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டட்டுமா என்று நிறுவும்போதே கேட்கிறது. சம்மதித்தால், கணினியை முடுக்கும்போதெல்லாம் மறைச்சொல் கொடுக்க வேண்டும். மறந்தால் மீட்க வழியில்லை. தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

திருடனுக்குத் திறக்காத பூட்டு, சாவியைத் தொலைத்த வீட்டுக்காரனுக்கும் திறக்காது.