மூன்று புள்ளிக்குள் போன கிளாரினெட்

திருச்சியில் முப்பத்தோரு வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவன் நான். ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தாய்மாமன் பெயரைப் பெரியப்பா மருமகனுக்குக் கீழே போட்டுவிட்டு, ஐந்நூறு பத்திரிகையை என் கைக்காசில் திருப்பி அடித்திருக்கிறேன். அந்தப் பத்திரிகைகளில் நாதஸ்வர வித்வானுக்கு ஊர், பட்டம், பெயர் எல்லாம் இருக்கும். அடுத்த வரி ‘பேண்டு வாத்தியம்’ என்பதோடு நின்றுவிடும். எங்கள் ஊர் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கச்சேரி மேடையின் நடுவில் உட்காரவைத்து, 2008-ல் சங்கீத கலாநிதி பட்டம் வரை கொண்டுபோனார். அவர் பெயரை விட்டுவிட எவனுக்கும் தைரியம் வராது. அதே வாத்தியத்தைத் தெருவில் நடந்துகொண்டே வாசித்த என் அப்பாவோ கடைசிவரை ‘பேண்டு வாத்தியம்’தான்.

போன மாதம் மொசார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவைப் போனில் தேடினேன். முன்னால் ஒரு தனி வாத்தியம், பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா. அதுதான் கான்செர்ட்டோ. திரையில் மொசார்ட் வந்தார், நடத்துநர் கார்ல் போம் வந்தார், வியன்னா பில்ஹார்மோனிக் வந்தது, அப்புறம் மூன்று புள்ளி. வாசித்த ஆல்பிரட் பிரின்ஸ் அந்தப் புள்ளிக்குள் போய்விட்டார். குச்சி பிடித்தவர் பெயர் முழுசாக இருக்கிறது, அரை மணி நேரம் மூச்சைக் கொடுத்தவர் பெயரைக் காணோம். பியானோக்காரருக்கு இந்தக் கதி பெரும்பாலும் வராது. அவர் முகமே அட்டையில் இருக்கும்.

காரணம் ஓரளவு புரிகிறது. காற்று வாத்தியக்காரர் பல நேரங்களில் அந்த ஆர்கெஸ்ட்ராவின் வீட்டு ஆள். தினமும் வரிசையில் உட்கார்ந்து வாசிப்பவர், அன்றைக்கு மட்டும் முன்னால் வருவார். போம் 1970-களில் மொசார்ட்டின் காற்று வாத்தியக் கான்செர்ட்டோக்களை வியன்னாவின் சொந்த வாத்தியக்காரர்களை வைத்தே பதிவு செய்தார். லண்டனில் தாமஸ் பீச்சமும் அப்படித்தான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஜாக் பிரைமரை 1947-ல் தன் ராயல் பில்ஹார்மோனிக்குக் கூட்டிவந்தவர், 1950-களின் கடைசியில் இதே கான்செர்ட்டோவை அவரை வைத்துப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டில் துணைக்கு பஸூன் கான்செர்ட்டோ. அதை வாசித்த க்விடியன் புரூக்கும் வரிசையில் உட்காருகிறவர்தான். வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு மாலை என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் இரண்டு பதிவுகளிலும் நடுப்பகுதியான அடாஜியோவை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிரைமரின் நீண்ட சுரத்தில் லேசான ஓர் அசைவு இருக்கும், குத்துவிளக்குச் சுடர் காற்றில் அசைகிற அளவுக்கு. பிரின்ஸ் வியன்னா வழிக்காரர், அங்கே கிளாரினெட்டில் அசைவு சேர்ப்பதில்லை. சுரம் கம்பி இழுத்த மாதிரி நேராகப் போகும். எனக்குப் பிரைமர். என் மருமகனுக்குப் பிரின்ஸ். இதில் எங்களுக்குள் சண்டையே உண்டு. போம், பீச்சம் என்ற பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைப் போட முடியாது.

இந்த இசையின் கதையில் எங்கள் அச்சுத் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படத்தக்கதல்ல. 1791 அக்டோபரில் மொசார்ட் இதை எழுதி முடித்தது நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக. ஸ்டாட்லரிடம் இருந்த பாஸெட் கிளாரினெட் வழக்கமானதைவிட நான்கு அரைச்சுரம் கீழே இறங்கும். அந்த மந்திர ஒலிக்கு இடம் விடத்தானோ என்னவோ, ஆர்கெஸ்ட்ராவில் ஓபோவே கிடையாது. இரண்டு புல்லாங்குழல், இரண்டு பஸூன், இரண்டு ஹார்ன், தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். டிசம்பர் 5-ல் மொசார்ட் இறந்துபோனார். கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. தன்னிடமிருந்த மொசார்ட் பிரதிகள் பெட்டியோடு களவுபோயின என்றாராம் ஸ்டாட்லர். இல்லை, பெட்டியை 73 டுக்காட்டுக்கு அடகு வைத்தார் என்று கேள்விப்பட்டதாக மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் 1800-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1801-ல் அச்சில் வந்தபோது, சாதாரணக் கிளாரினெட்டுக்கு எட்டாத கீழ்ச்சுரங்களை யாரோ மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். அந்த யாரோவின் பெயரையும் போடவில்லை. ஸ்டாட்லரின் வாத்தியம் எப்படி இருந்தது என்று கடைசியில் காட்டிக்கொடுத்ததும் ஓர் அச்சுத்தாள்தான். 1794-ல் ரீகா நகரில் அவர் வாசித்த கச்சேரியின் நிகழ்ச்சித்தாளில் அதன் படம் இருந்தது. அது கண்ணில் பட்டது 1992-ல்!

ஸபீனே மேயர் டிரெஸ்டன் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த 1990-ஆம் ஆண்டுப் பதிவில் அந்தக் கீழ்ச்சுரங்களைக் கேட்கலாம். மரப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். இந்த மேயரைத்தான் 1982-ல் நடத்துநர் கராயன் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் சேர்த்தார். தகுதிகாண் காலம் முடிந்ததும் வாத்தியக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். வேண்டாம் என்று 73, வேண்டும் என்று 4. (மறுபடியும் அந்த 73.) அவருடைய நாதம் மற்றவர்களோடு சேரவில்லை என்றார்கள். பெண் என்பதுதான் காரணம் என்று கராயனே நினைத்தார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 1983-ல் வெளியேறித் தனிக் கலைஞரானார். 1998-ல் அதே பெர்லின் பில்ஹார்மோனிக், அபாடோவின் தலைமையில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து இதே கான்செர்ட்டோவை வாசித்தது. அட்டையில் அவர் பெயர் பெரிதாக இருக்கிறது. உள்ளே இடம் கொடுத்திருந்தால் அவரும் மூன்று புள்ளிக்குள் போயிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆகவே இந்த ஆப்-காரர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். எழுதியவர் பெயருக்கு அடுத்து ஊதியவர் பெயரைப் போடுங்கள், நடத்துநர் அப்புறம் வரட்டும். நாலு எழுத்தை இடம் மாற்றுகிற வேலை. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்திலேயே அது ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. நம் பழைய சினிமா இசைத்தட்டுகளுக்கும் இதையேதான் சொல்வேன், ஆனால் அங்கே பெயரைத் தெரிந்தவர்களே குறைந்துகொண்டு வருகிறார்கள்.

என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நானே கோத்தேன். ‘பேண்டு வாத்தியம்’ வரிக்குக் கீழே ‘கிளாரினெட்’ என்று போட்டு, வாசிக்க வந்தவர் பெயரை ஊரோடு சேர்த்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அன்றைக்கே போன் வந்தது. “சம்பந்தி, இவர் யாரு, உங்க பங்காளியா?”