ஒரு தாளில் ஓர் ஆய்வு

பள்ளிகளில் அறிவியற் கண்காட்சி நடைபெறும் நாளில், சுவரெங்கும் சுவரொட்டிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் பல வார உழைப்பு அடங்கியிருக்கும். ஆயினும், காண வருவோருள் பலர் ஒரு நொடி நோக்கிவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றனர். குறை காண்போரிடத்தில் இல்லை. தாளில்தான் உள்ளது என்பது என் கருத்து. அறிந்தவை அனைத்தையும் எழுதிவிடவேண்டும் என்னும் ஆசையே அக்குறைக்குக் காரணம்.

அமர்ந்து படிப்பவருக்கு ஆய்வுக் கட்டுரை. நின்று காண்பவருக்குச் சுவரொட்டி. நிற்பவர் அறிய விரும்புவன நான்கே. ஆராய்ந்த வினா யாது? எவ்வாறு ஆராய்ந்தீர்கள்? கண்ட முடிவு யாது? அதனால் விளையும் பயன் யாது? இந்நான்கிற்கும் விடை கூறாத சொற்கள் அத்தாளில் இடம்பெற வேண்டுவதில்லை.

இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. கிரிமியப் போரில் காயமுற்றும் நோயுற்றும் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தொண்டு புரிந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் 1858-ஆம் ஆண்டில் வண்ணப் படம் ஒன்றை வெளியிட்டார். வட்டமாகச் சூழ்ந்த பகுதிகளுள் ஒவ்வொன்றும் ஒரு மாதத்தைக் குறித்தது. தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தோரை நீலமும், காயங்களால் இறந்தோரைச் சிவப்பும், பிற காரணங்களால் இறந்தோரைக் கருப்பும் உணர்த்தின. 1855 ஜனவரியில் மட்டும் அந்நோய்களால் மாண்டவர் 2,761 பேர். காயங்களால் மாண்டவர் 83 பேர். பகைவரின் குண்டினும் நோயே கொடிது என்பதை அந்நீலப் பரப்பு ஒரு நோக்கில் உணர்த்திவிட்டது.

அம்மையார் மற்ற இரு நிறங்களையும் நீக்கிவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. சுருக்குதல் வேறு; மறைத்தல் வேறு. நாம் எதிர்பார்த்ததற்கு மாறான அளவு ஒன்று கிடைத்திருப்பின், அதனையும் காட்டுதலே ஆய்வாளரின் கடமை. இடமில்லை என்று கூறி உண்மையை விடுதல் நேர்மை அன்று.

தலைப்பு, பத்தடித் தொலைவில் நிற்பவரும் படிக்குமாறு பெரிதாக இருத்தல் வேண்டும். ‘விதை முளைத்தல் பற்றிய ஆய்வு’ என்பதினும், ‘அவரை இருளிலும் முளைக்கும்’ என்பது நன்று. முடிவை அதுவே கூறிவிடுகின்றதன்றோ? படம் நடுவில் அமையட்டும். இரண்டு மூன்று நிறங்களே போதும். அவையும் பொருள் உணர்த்துவனவாக இருத்தல் வேண்டும். எழுத்துகளுக்கிடையே வெற்றிடம் விடுதலும் நன்று.

மாணவர்களே! தாளை முடித்தபின், அதனை உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ ஒரு நிமிடம் காட்டுங்கள். பின்னர் அதனை மறைத்து, நீங்கள் கண்டது யாது என்று கேளுங்கள். அவர்கள் விடை கூறினால் உங்கள் உழைப்பு பயன் தந்தது. கூறாவிடின், மேலும் எழுத முற்படாதீர்கள்; எழுதியதைக் குறையுங்கள்.