நொச்சிக்கும் எல்லை உண்டு

குளிர்காலம் வந்தால் தில்லி முதல் குமரி வரை பல வீடுகளில் மூக்கடைப்பும் தலைபாரமும் உடன் வந்துவிடுகின்றன. உடனே அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். தமிழ்நாட்டில் அதில் நொச்சித் தழையை இடுவர். வடமாநிலங்களில் ஓமத்தை இடுவர். போர்வையால் தலையை மூடி அந்த ஆவியை உள்ளிழுப்பதே வேது பிடித்தல். நொச்சியை வடமொழியில் நிர்குண்டி என்பர். தெலுங்கில் வாவிலி, கன்னடத்தில் லக்கி என்பர். இம்மருந்தைப் பழைமை என்று ஒதுக்குவதும் தவறு. அனைத்தையும் தீர்க்கும் என்று நம்புவதும் தவறு. அதன் பயனையும் எல்லையையும் ஒருங்கே அறிவதே அறிவுடைமை.

முகத்தெலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. அவற்றில் ஊறும் சளி, குறுகிய துளைகளின் வழியே மூக்கினுள் வடியும். சளி பிடிக்கும்போது உட்சவ்வு வீங்கித் துளைகள் அடைபடுகின்றன. சளி தேங்குவதால் நெற்றியும் கன்னமும் வலிக்கின்றன. இதனை மக்கள் சைனஸ் என்கின்றனர். சித்த மருத்துவம் பீனிசம் என்கிறது. சூடான ஆவி இறுகிய சளியை இளக்கிச் சற்று நேரம் மூச்சை எளிதாக்கும். நொச்சியின் மணம் அந்த இதத்தைக் கூட்டும். ஆனால், ஆவி கிருமியைக் கொல்வதில்லை.

அவ்வாறாயின் வேது பிடிப்பது வீணா? அன்று. இத்தொற்றுகளில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அவை ஏழு முதல் பத்து நாள்களில் தாமே தணியும். அதுவரை துன்பத்தைக் குறைப்பதே தேவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவை அழிக்கும், வைரசிடம் பயன்படா. எனினும், அவற்றைத் தாமே வாங்கி இரண்டு நாள் உண்டு நிறுத்துவோர் பலர். இதனால் அம்மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பல நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்பனையைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் நடுவண் அரசின் விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. தேவையற்ற மாத்திரையைவிட ஒரு கைப்பிடி நொச்சித்தழை நன்று.

இயற்கை மருந்து தீங்கே செய்யாது என்பார் உளர். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் சிறுவர்களை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வேது பிடிக்கலாகாது. ஆவி நீரில் கற்பூரம் கலப்பதும் தகாது. கற்பூரம் உடலுள் சென்றால் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். மூக்கைக் கழுவும் நேதி முறைக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர், காலம் கடத்துவது. 2021 ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் இந்தியாவில் பலரைத் தாக்கியது. கட்டுப்படாத சர்க்கரை நோய் உடையவர்களும் ஸ்டீராய்டு மருந்து உண்டவர்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். மூக்கடைப்பு, கன்னவலி என எளிய சைனஸ் போலவே தொடங்கும் அந்நோய், கண்ணையும் மூளையையும் எட்டவல்லது. அத்தகைய நோயில் ஒவ்வொரு நாளும் அரியது. ஆகவே, பத்து நாள்களுக்கு மேல் தொல்லை நீடித்தாலும், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலும் மருத்துவரை நாட வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே செல்ல வேண்டும். சித்த மருத்துவமாயினும் ஆங்கில மருத்துவமாயினும், முறையாகக் கற்றவரிடமே செல்லுதல் முறை.

பழந்தமிழ்ப் போரில் மதிலைக் காத்த வீரர் நொச்சிப் பூவைச் சூடினர். வீட்டு மருந்தும் அத்தகைய காவலே. தனித்துத் தடுக்க இயலாத பகை வரும்போது துணைப்படையை அழைப்பது காவலனுக்கு இழுக்கன்று. அதுவே அவன் கடமை.

சிந்தித்து விடை எழுதுக

1. வேது பிடித்தலின் பயனும் எல்லையும் யாவை?
2. நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தாமே வாங்கி உண்பதால் விளையும் தீமை யாது?
3. உங்கள் வீட்டில் வழங்கும் கைமருந்து ஒன்றன் நன்மை, வரம்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.