சவர சோப்பு சுகம்தான், ஆனால் ரேசர் தனித்தனி!

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துப் பக்கம் நடந்தால் சவர சோப்பு வாசம் வரும். குழாயடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பிரஷால் கோப்பையில் நுரை கிளப்பி, முகமெல்லாம் பூசிக்கொண்டு நிற்பார் ஒரு பெரியவர். வாரம் முழுக்கப் பெரட்டுக்கு ஓடுகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் சொந்தம். நானும் அவர் கட்சிதான்.

இதில் உடம்புக்கும் நன்மை உண்டு. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தால் தாடி முடி இளகிவிடும். நல்ல நுரையில் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். பச்சைத் தண்ணீரைத் தெளித்து அவசரமாக இழுப்பவர்தான் வெட்டுக்காயத்தோடு என்னிடம் வருகிறார்.

போன மாதம் ஒரு தம்பி மோவாயெல்லாம் கொப்புளத்தோடு வந்தான். விசாரித்தால் அப்பா, அண்ணன், அவன், மூன்று பேருக்கும் ஒரே ரேசராம்! "எங்க வீட்டு ரத்தந்தானே ஐயா" என்கிறான்.

வீட்டு ரத்தமானாலும் கிருமி கிருமிதான், தோழர்களே. கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவிலும் கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இதற்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-ல்தான். அதற்கு முன் பிறந்த அப்பாமார்களில் பலர் போட்டுக்கொண்டதே இல்லை.

ஆகவே ஆளுக்கொரு ரேசர், ஆளுக்கொரு பிரஷ். படிகாரக் கட்டியும் தனி. சவரம் முடிந்ததும் பிரஷை அலசி, உதறிக் காயவையுங்கள். சம்பளத்தன்று மகனுக்கும் ஒரு ரேசர் வாங்கிக் கொடுங்கள். மருந்துச் செலவைவிட அது மலிவு!