கடலுக்குப் பட்டா இல்லை

2024 மார்ச்சில் மும்பை கோஸ்டல் ரோடு திறந்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரப் பேச்சு அதைப் பற்றித்தான். வொர்லியிலிருந்து மரைன் டிரைவ் எத்தனை நிமிஷம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. நானும் அந்த ரோட்டில்தான் போய் வருகிறேன், பொய் சொல்வானேன். ஆனால் போன வாரம் நம்மூர்க்காரர் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், "வொர்லி மீன்காரங்களுக்கு எதுக்கு சார் நஷ்ட ஈடு? கடல் என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

அவர் கேட்டது புதுக் கேள்வி இல்லை. நூற்றைம்பது வருஷமாகச் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

1876ஆம் வருஷத்து இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் லயன் என்பவருக்குச் சொந்தமாக ஒரு படகுத்துறை. பக்கத்து இடத்துக்காரர்கள் ஆற்றுக்குள் கரை கட்டப் போனார்கள். என் துறையின் ஒரு பக்கம் அடைபட்டுப் போகும் என்று இவர் வழக்குப் போட்டார். ஆற்றில் படகு விடுவது ஊருக்கே பொதுவான உரிமை, ஆனால் தன் நிலத்திலிருந்து தண்ணீருக்கு இறங்குவது அந்த நிலத்துக்காரரின் சொந்த உரிமை, அதைச் சும்மா பறிக்க முடியாது என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. (கரை கட்டப் போனவர்கள் யார் தெரியுமா? லண்டன் மீன் வியாபாரிகள் சங்கம்! அங்கே மீன்காரர் கட்சி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.)

அதே வருஷம் பம்பாய் ஹைகோர்ட்டில் பாபன் மாயாச்சா வழக்கு. கடலில் கழி நட்டு வலை கட்டும் மீனவர்களுக்குள்ளேயே தகராறு. கடலில் மீன் பிடிப்பது எல்லோருக்கும் பொதுவான உரிமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் 'எல்லோருக்கும்' என்று வந்துவிட்டால் அது பறிபோகும்போது தனியாக ஒருவர் போய் என்னுடையது போயிற்று என்று கேட்பது கஷ்டம். தேம்ஸ் கரையில் பத்திரம் வைத்திருந்தவருக்கு உரிமை 'சொந்தம்' ஆயிற்று. பத்திரம் இல்லாதவனுக்கு 'பொது' ஆயிற்று.

1888இல் பினாங்கிலிருந்து ஒரு வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. அரசாங்கம் கடலைத் தூர்த்ததால் வெமிஸ் என்பவரின் கடலோர நிலத்துக்குக் கடல் வழி அடைபட்டுவிட்டது. அரசாங்கத்தின் மேல் இப்படி வழக்கே போட முடியாது என்று அரசுத் தரப்பு வாதாடியது. அந்தக் காலனியின் சட்டப்படி முடியும் என்று லண்டனில் சொல்லிவிட்டார்கள். காலனி ஆட்சியிலும் நியாயம் கிடைத்தது, நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தால்.

மும்பையில் நடந்ததும் இந்தக் கதைதான். 1858இல் எல்ஃபின்ஸ்டன் லாண்ட் அண்ட் பிரஸ் கம்பெனி கிளம்பி, கிழக்குக் கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கியது. துறைமுகத்தின் முகப்பே ஒரு தனியார் கம்பெனி கைக்குப் போகிறதே என்று அரசாங்கம் விழித்துக்கொண்டு 1870இல் அந்தச் சொத்தை விலை கொடுத்து வாங்கியது. 1873இல் போர்ட் டிரஸ்ட் வந்தது. கடலைத் தூர்த்தவருக்குப் பணம் வந்தது, கவனியுங்கள். அந்தக் கரையில் படகு ஏற்றி வைத்திருந்த மாண்ட்வி, மஜ்காவ் கோலிவாடாக்களின் வாசலில் இன்று அலை இல்லை, லாரிதான். பந்தர் என்கிற பெயர் மட்டும் இருக்கிறது.

சரி, அது வெள்ளைக்காரன் காலம். இப்போது?

2013ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் யார் என்று சொல்கிற இடத்தில், மூன்று வருஷமாகக் காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைத்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மீனவர், படகோட்டி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. பட்டா வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஓட்டை. அரசு யாருடைய நிலத்தையாவது கையகப்படுத்தினால்தான் இந்தச் சட்டம் உள்ளே வரும். கடலைத் தூர்க்கும்போது யாருடைய நிலமும் எடுக்கப்படுவதில்லை, புதிதாக நிலம் பிறக்கிறது! கோஸ்டல் ரோட்டுக்காகச் சுமார் 111 ஹெக்டேர் அப்படிப் பிறந்தது. பிழைப்பு போனவர்கள் சட்டப்படி கேட்பவர்களாக இல்லாமல், மாநகராட்சி பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்பவர்களாக நிற்க வேண்டியதாகிறது. என் அபிப்பிராயத்தில் அந்த ஒரு பிரிவைக் கடல் தூர்ப்பதற்கும் நீட்டினால் பாதிச் சண்டை தீரும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராவியும் ஒரு காலத்தில் கோலிவாடாதான், கழிமுகத்துச் சதுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த நம் ஆட்கள் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கித்தான் அங்கே குடிசை போட்டார்கள். எல்ஃபின்ஸ்டன் கம்பெனி செய்ததும் அதே வேலைதான். கம்பெனிக்கு விலை கிடைத்தது, நம் ஆட்களுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்கிற பட்டம் கிடைத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்ததற்குக் காகிதம் காட்டினால்தான் அங்கேயே இலவச வீடு என்கிற விதியில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பழைய ரேஷன் கார்டைத் தேடி அலைகின்றன என்று தாராவியில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே நம்மவர்களுக்காக நியாயம் பேசுகிறவர்கள் வொர்லி என்றதும் "பட்டா இருக்கா?" என்று கேட்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. வொர்லிக்காரர்கள் முதலில் கேட்டது பணமே இல்லை. பாலத்தூண்களுக்கு நடுவில் 60 மீட்டர் என்று திட்டம் போட்டிருந்தார்கள். அலை தள்ளினால் படகு தூணில் மோதும், 200 மீட்டர் விடுங்கள் என்றார்கள் இவர்கள். 2019இல் ஹைகோர்ட் திட்டத்தின் அனுமதியையே ரத்து செய்தது, அந்த வருஷக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை கொடுத்து வேலை தொடர்ந்தது. 2022 டிசம்பரில்தான் 120 மீட்டர் என்று முடிவாயிற்று. அதற்கு அவர்கள் எத்தனை நாள் கடலுக்குப் போகாமல் போராட வேண்டியிருந்தது என்பதையும் நஷ்டக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இந்த ரோட்டை வெர்சோவாவிலிருந்து வடக்கே தஹிசர், பயந்தர் பக்கம் நீட்டும் திட்டம் இருக்கிறது. வழியெல்லாம் கோலிவாடாக்கள். எந்தத் துறையில் எத்தனை படகு, எந்தப் பாறையில் எந்தப் பெண்கள் சிப்பியும் நண்டும் பொறுக்குகிறார்கள் என்று முதல் லாரி மண் விழுவதற்கு முன்னாலேயே எழுதி, அவர்கள் கையெழுத்தும் வாங்கி வைக்கட்டும். நம் நண்பரிடம் இதைச் சொன்னேன். "அதுக்கே ரெண்டு வருஷம் ஆயிடுமே சார்" என்றார். ஆகட்டுமே.